கலத்தினும் படாது

வணக்கம் அக்கா,
உயர்நிலை 2-இல் படிக்கும் என் மகள், கலம் என்றால் கப்பல் என்று மனப்பாடம் செய்திருந்தாள். குறுந்தொகையில் ‘கலத்தினும் படாது’ என்ற வரியைப் பார்த்துக் குழம்பிவிட்டாள். ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் இருப்பது மொழியின் குறையில்லையா? நல்ல அகராதி ஒன்று சொல்லுங்கள்.
எஸ்., பிடோக், சிங்கப்பூர்

அன்புள்ள எஸ்,

குழம்பினாள் என்றால் கவனித்துப் படித்திருக்கிறாள். நல்ல பிள்ளை. திட்டு உங்களுக்குத்தான். குறையாம்! அகராதியை விடுங்கள், நூலகத்தில் நிறைய இருக்கின்றன.

பக்கத்தில் நிற்கும் வினையைப் பார்க்கச் சொல்லுங்கள். 27ஆம் பாட்டில் வெள்ளிவீதியார், கன்றும் குடிக்காமல், கலத்திலும் விழாமல் மண்ணில் சிந்தும் பாலைச் சொல்கிறார். தன் அழகு தனக்கும் இல்லாமல், காதலனுக்கும் இல்லாமல், பிரிவில் மேனியில் படரும் பசலைக்குப் போகிறதே என்று பாட்டில் பேசும் பெண்ணுக்கு வேதனை. ‘படாது’ என்றதுமே அது பால் கறக்கும் பாத்திரம் என்று தெரிந்துவிடுகிறது. அகநானூறு 149-இல் யவனரின், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகரின், கலம் சேரர் துறைமுகமான முசிறிக்குப் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்.’ கறி என்றால் இங்கே மிளகு. வருகிறது, பெயர்கிறது, அப்போது கப்பல். புறநானூறு 256-இல் ‘கலஞ்செய் கோவே’ என்று ஒருத்தி குயவனைக் கூப்பிட்டு, இறந்தவரைப் புதைக்கும் தாழியை எனக்கும் சேர்த்து அகலமாக வனை என்கிறாள். செய்கிறான் என்றால் மண்பாண்டம். இதில் எங்கே குழப்பம்? வரியை விட்டுச் சொல்லை மட்டும் பிய்த்து எடுத்தால் எந்தச் சொல்தான் குழப்பாது?

எனக்கு முதலில் தெரிந்த கலம் இவை எதுவுமே இல்லை. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். எந்நேரமும் கப்பல் பேச்சுதான், ஆனால் கலம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து தோ பாயோ வீட்டில் எங்களோடு இருந்த அப்பாயிதான் சொல்வார். ஊர்க் கடிதம் வந்தால், யார் எப்படி இருக்கிறார்கள் என்பதற்கு முன்னால், “எத்தனை கலம் கண்டுச்சாம்?” என்று கேட்பார். நெல் அளக்கும் கணக்கு அது, 12 மரக்கால் ஒரு கலம். விற்றுவிட்ட நிலத்துக்கும் சேர்த்துக் கேட்பார்.

தேக்காவில் வாங்கிய அரிசியைத் தகர டின்னில் மாற்றும்போதும் அப்பாயி அளந்துதான் கொட்டுவார். எவர்சில்வர் டம்ளரின் தலையை வழிக்க மாட்டார், கூம்பாகவே கவிழ்ப்பார். முதல் டம்ளருக்கு ‘ஒன்று’ கிடையாது, ‘லாபம்’. அப்புறம்தான் இரண்டு, மூன்று. நடுவில் நான் பேசினால் எண்ணிக்கை தப்பிவிடும். அத்தனையையும் திரும்ப மூட்டையில் கொட்டி, மறுபடி லாபத்திலிருந்து தொடங்குவார்.

மகளை ஒரு மாலை ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைப் பார்த்தபடி அகநானூற்றின் 149ஆம் பாட்டை அவளே சத்தமாகப் படிக்கட்டும். நீங்கள் குறுக்கே பொருள் சொல்லாதீர்கள்.