அப்பாவிடம் கேட்டு வாங்கும் ஓடிபி

கேள்வி: என் அப்பா திருச்சியில் முப்பது வருடமாக நிலம், வீடு வாங்கி விற்றுத் தரும் தரகர். வயது 63. நான் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு அவரோடு சேர்ந்திருக்கிறேன். பார்ட்டிகளைப் பின்தொடர ஒரு சாஃப்ட்வேர், டிரோன், 360 டிகிரி கேமரா எல்லாம் வாங்கிவிட்டேன். அப்பாவுக்கும் அவருடைய பழைய கூட்டாளிகள் இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் புரொஜெக்டர் வைத்து வகுப்பு எடுத்தேன். தலையாட்டிவிட்டு மறுநாளே டைரிக்குத் திரும்பிவிடுகிறார்கள். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு அப்பா பெயரில்தான். ஓடிபி வந்தால் ஃபோனில் கேட்டு வாங்கி நானே எல்லாவற்றையும் முடித்துவிடுவேன், அதில் பிரச்சினை இல்லை. இவர்களுக்கு எப்படித்தான் கற்றுக்கொடுப்பது? அப்பாவை ஓய்வெடுக்கச் சொல்லிவிடலாமா?
(பெயர் வேண்டாம், திருச்சி)

பதில்: தம்பி, 'அதில் பிரச்சினை இல்லை' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிய பிரச்சினையாகப் பட்டது அந்த ஒரு வரிதான்.

அப்பாவுக்கு நீங்கள் உண்மையில் கொடுத்த பயிற்சி என்ன தெரியுமா? ஃபோன் அடிக்கும், ஒரு குரல் கேட்கும், வந்த எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். அதை அவர் நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டார். 'இதை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று அதே மெசேஜில் எழுதியிருக்கும். கேட்பது மகன் என்பதால் அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் விடவும் பழகிவிட்டார். நாளைக்கு 'பேங்கிலிருந்து பேசுகிறோம்' என்று ஒருவன் கேட்டால் என்ன செய்வார்? டோக்கன், அட்வான்ஸ் என்று பணம் புழங்கும் பேங்க் கணக்கு அவருடையது. அப்படி ஏதாவது நடந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழைக்க வேண்டும் என்பதையாவது உங்கள் புரொஜெக்டர் வகுப்பில் சொன்னீர்களா?

அப்புறம் சட்டம். 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் அவர், நீங்கள் இல்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் ரெராவில் பதிவாகாமல் இருந்து, அதில் மனை விற்றுக் கொடுத்தால் ஏஜென்ட்டுக்கு நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அந்த மனை விலையில் 5 சதவீதம் வரை அது ஏறலாம். நீங்கள் டிரோன் வீடியோவோடு ஏற்றும் விளம்பரத்தில் இருப்பது அவருடைய ரெரா பதிவு எண். நோட்டீஸ் வந்தால் அவர் பெயருக்குத்தான் வரும். அந்த விளம்பரத்தை அவர் ஒருமுறையாவது பார்த்திருக்கிறாரா?

அப்பா பெயரில் பிள்ளை தொழில் செய்யலாம். நம் ஊரில் எத்தனையோ கடைகள் அப்படித்தான் நிற்கின்றன. ஆனால் அவருக்குத் தெரியாமல் அவர் பெயர் ஓரிடத்திலும் ஏறக் கூடாது. அவர் சம்பாதித்த பெயரில் நீங்கள் பிழைக்கிறீர்கள் என்றால், அதை எங்கே, எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று அவரிடம் சொல்வது உங்கள் கடமை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, வகுப்புக்கு வருவோம். 63 வயது மனிதரை அவர் கூட்டாளிகள் முன்னால் மாணவராக உட்கார வைத்தது முதல் தவறு. இரண்டாவது, உங்களுக்கு வேண்டிய சாஃப்ட்வேரில் ஆரம்பித்தது. அவருக்கு எது வேண்டும் என்று யோசித்தீர்களா?

ஒரு ஈ.சி.யையே, அதாவது வில்லங்கச் சான்றையே, எடுத்துக்கொள்ளுங்கள். பதிவுத்துறைத் தளத்தில் சர்வே எண் 112, உட்பிரிவு 3பி என்று கொடுக்கிறீர்கள். வில்லங்கம் எதுவும் இல்லை என்று வருகிறது. உடனே பார்ட்டிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவீர்கள். உட்பிரிவு ஆவதற்கு முன்னால் அது வெறும் 112/3. பழைய அடமானம் ஏதாவது இருந்தால் அந்த எண்ணில் கிடக்கும். அதையும் போட்டுப் பார் என்று அப்பா சொல்வார், ஏனென்றால் அந்தக் குடும்பம் எப்போது பாகம் பிரித்தது என்பது அவருக்கு ஞாபகம் இருக்கும். பட்டா மூத்தவர் ஒருவர் பெயரில் மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். அந்த வீட்டில் கட்டிக்கொடுத்த பெண்கள் இருவர் உண்டு என்பதை எந்தத் தளமும் சொல்லாது. தமிழ்நாட்டில் 1989-லேயே, அதுவரை மணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்துவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் எல்லா மகள்களுக்கும் மகனுக்குச் சமமாகக் கொடுத்தது. அந்தப் பெண்களின் கையெழுத்து இல்லாமல் நிலத்தை விற்றுக் கொடுத்துக் கமிஷன் வாங்குவது பாவம். பிறகு கோர்ட்டுக்கு அலையப்போவது வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கியவர். இவ்வளவையும் மனதில் வைத்திருக்கிற ஆளையா ஓய்வெடுக்கச் சொல்லப் போகிறீர்கள்? கூடாது. எப்போது ஓய்வு என்பதை அவரே சொல்வார்.

ஆபீஸ் திறப்பதற்கு முன்னால் நீங்களும் அவரும் மட்டும் உட்காருங்கள். இப்போது கையில் இருக்கும் ஒரு இடத்தின் பத்திரத்தை மேஜையில் வையுங்கள். அவருடைய ஃபோனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள். பட்டா பார்க்கும் தளமும் பதிவுத்துறைத் தளமும் தமிழிலேயே இருக்கின்றன. பட்டா பார்க்க ஓடிபி வரும். அதை அவரே படித்து, அவர் விரலாலேயே அடிக்கட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் நீங்கள் ஃபோனைப் பிடுங்கக் கூடாது. பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), ஈ.சி., வழிகாட்டி மதிப்பு, கடைசியாக ரெரா தளத்தில் புராஜெக்ட்டைத் தேடுவது. ஒரு வாரத்துக்கு ஒன்று போதும். டைரியை விடச் சொல்லி நச்சரிக்காதீர்கள். பார்ட்டியிடம் பேசி முடித்ததும் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடச் சொல்லுங்கள், சாஃப்ட்வேரில் நீங்கள் ஏற்றிக்கொள்ளலாம். கூட்டாளிகள் இருவருக்கும் நீங்கள் கற்றுக்கொடுக்க வேண்டாம். அப்பா சொன்னால் கேட்பார்கள்.

மகாராஷ்டிராவில் 2023-ல் ஏஜென்ட்டுகளுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கினார்கள். பதிவு யார் பெயரிலோ அவர்தான் எழுத வேண்டும். இங்கேயும் அப்படி வந்தால் அப்பாவுக்குப் பதில் நீங்கள் போய் உட்கார முடியாது.

இவ்வளவு வேலையை நீங்களே செய்கிறீர்கள் என்றால் உங்கள் பெயரில் ஏஜென்ட் பதிவு எடுங்கள். பான் கார்டு, முகவரிச் சான்று, மூன்று வருட வருமான வரிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். ஐந்து வருடத்துக்குச் செல்லும். விண்ணப்பிக்கும் முன்னால் அப்பாவிடம் சொல்லுங்கள். அது கிடைக்கும்வரை, இன்று ராத்திரியே, அவர் எண்ணில் ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் எடு என்பதை எடுத்துவிடுங்கள்.