வியன்னா, வளையச் சாலைக்கு வெளியே – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் குடும்பத்துடன் வியன்னா சென்று வந்தேன். ஹோஃப்புர்க் அரண்மனை, ஸ்டீஃபன் பேராலயம், ஆப்பரா மாளிகை எல்லாம் பார்த்தோம். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் மன்னராட்சி முடிந்து நூறாண்டு கடந்த பின்னும் அரசர்களின் அருங்காட்சியகமாகவே அந்த நகரம் நிற்பதாகத் தோன்றியது. அதன் இயல்பே அதுதானா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பார்த்தவை அனைத்தும் முதல் வட்டாரத்தில் இருப்பவை. வியன்னாவில் 23 வட்டாரங்கள் உண்டு. அந்த நகரத்தின் இயல்பு மற்ற வட்டாரங்களின் குடியிருப்புகளில்தான் உருவானது என்பது என் உறுதியான எண்ணம்.

1857இல் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப் கோட்டைச் சுவரை இடிக்க ஆணையிட்டார். அந்த இடத்தில் அமைந்த வளையச் சாலை 1865இல் திறக்கப்பட்டது. அதன் இருபுறமும் எழுந்த மாளிகைகளுக்கான செங்கல், தெற்கே வீனர்பெர்க் சூளைகளில் பொஹீமியாவிலிருந்தும் மொராவியாவிலிருந்தும் பிழைக்க வந்த செக் தொழிலாளர்கள் அறுத்துச் சுட்டது. அவர்களுக்குக் கூலியைப் பணமாகத் தராமல், சூளையைச் சேர்ந்த கடைகளில் மட்டுமே செல்லுபடியாகும் தகர வில்லைகளாகக் கொடுத்ததை, விக்டர் ஆட்லர் என்ற மருத்துவர் 1888இல் நேரில் கண்டு எழுதி அம்பலப்படுத்தினார். அவர் ஒன்றுதிரட்டிய சமூக ஜனநாயகக் கட்சிதான் 1919இல் வியன்னா நகராட்சியைக் கைப்பற்றியது.

அன்றைய தொழிலாளர் குடியிருப்புகளில் தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள் கிடையாது. ஒவ்வொரு மாடியின் நடைவழியிலும் சுவரில் பதித்த ஓர் இரும்புத் தொட்டியும் அதன் மேல் ஒரு குழாயும் இருக்கும். அந்த மாடியின் குடித்தனங்கள் அனைத்துக்கும் அதுதான் தண்ணீர். கழிப்பறையும் பொதுதான். வாடகை கட்ட முடியாதவர்கள், தாங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் தங்கள் கட்டிலை இன்னொருவருக்கு உறங்க வாடகைக்கு விட்டார்கள்.

இதற்கு நகராட்சி கண்ட தீர்வு, அதன் நிதிப் பொறுப்பாளர் ஹூகோ பிரைட்னர் 1923இல் கொண்டுவந்த வீட்டு வரி. பெரிய, ஆடம்பர வீடுகளுக்கு மிகக் கூடுதலாகவும் சிறிய வீடுகளுக்கு மிகக் குறைவாகவும் விதித்த அந்த வரியைக் கொண்டு, 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். அவற்றுள் புகழ்பெற்றது டோப்லிங் வட்டாரத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கார்ல் மார்க்ஸ் ஹோஃப். 1930இல் திறக்கப்பட்ட அந்த வளாகத்தில் மனையின் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் கட்டடம். மீதியெல்லாம் முற்றமும் தோட்டமும். சலவைக்கூடம், குளியல்கூடம், மழலையர் பள்ளி, நூலகம் எல்லாம் உள்ளேயே அமைந்தன. இத்தகைய கட்டடங்களின் முகப்பில், வீட்டு வரிப் பணத்தில் இன்ன ஆண்டில் நகராட்சி கட்டியது என்று பெரிய எழுத்துகளில் பொறித்திருப்பார்கள். யார் பணத்தில் கட்டப்பட்டது என்பதை ஒளிக்காமல் சொல்லும் அந்த வரிகளை, எந்த மன்னர் சிலையை விடவும் நான் மதிக்கிறேன்.

1934 பிப்ரவரியில் நாட்டின் அரசுக்கும் சமூக ஜனநாயகத் தொழிலாளர்களுக்கும் மூண்ட உள்நாட்டுப் போரில், அதே கார்ல் மார்க்ஸ் ஹோஃப் மீது அரசுப் படை பீரங்கியால் சுட்டது. 1938இல் நாஜிகள் வந்ததும் இந்த நகராட்சி வீடுகளிலிருந்து யூதக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பலர் லியோபோல்ட்ஷ்டாட் வட்டாரத்து வீடுகளில் நெருக்கி அடைக்கப்பட்டு, அங்கிருந்து வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். வியன்னாவைப் போற்றுகிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்றும் நகரவாசிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் நகராட்சி வீடுகளிலோ அரசு உதவி பெற்ற கூட்டுறவு வீடுகளிலோதான் வாழ்கிறார்கள். குறை இல்லாமல் இல்லை. நகராட்சி வீடு பெற முன்பே சில காலம் அங்கு வசித்திருக்க வேண்டும் என்பதால், புதிதாகக் குடிவருவோர் தனியார் வாடகை வீடுகளையே நம்ப வேண்டியிருக்கிறது. ஓட்டாக்ரிங் வட்டாரத்தின் புருன்னன்மார்க்ட் சந்தையில் துருக்கியிலிருந்தும் முன்னாள் யுகோஸ்லாவியாவிலிருந்தும் வந்தவர்களின் கடைகளே வரிசையாக நிற்கும். அடுத்த முறை ஒரு காலைப்பொழுதை அங்கே செலவிடுங்கள். கார்ல் மார்க்ஸ் ஹோஃபுக்கு யு4 மெட்ரோவில் ஏறி, கடைசி நிலையமான ஹைலிகன்ஷ்டாட்டில் இறங்கினால் போதும், எதிரிலேயே இருக்கிறது. அங்குள்ள பழைய சலவைக்கூடம் ஒன்றில், 1919 முதல் 1934 வரையிலான அந்தக் காலகட்டத்தைப் பற்றிய கண்காட்சியும் உண்டு.