மகாதமனியில் ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, இன்னும் எதற்கு ஸ்கேன்?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது. ஒன்றரை வருடத்துக்கு முன் வயிற்று மகாதமனி (இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாய்) வீக்கத்துக்குத் தொடை வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்தார்கள். போன மாத சி.டி. ரிப்போர்ட்டில் 'டைப் 2 எண்டோலீக்' என்று இருக்கிறது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.7. வலி எதுவும் இல்லை. வருடாவருடம் சாய மருந்து ஏற்றினால் கிட்னி தாங்குமா? ஸ்கேனை நிறுத்திவிடலாமா?

பதில்: ஸ்கேனை நிறுத்த வேண்டாம். சாய மருந்தைத்தான் குறைக்க வழி இருக்கிறது.

வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனில் வீங்கிய இடத்தில் செயற்கைக் குழாயைத் தைத்துவிடுவார்கள். அப்பாவுக்குச் செய்த முறையில் வீங்கிய பை அங்கேயேதான் இருக்கிறது. ரத்தம் உள்ளே வைத்த குழாய் (அதுதான் ஸ்டென்ட் கிராஃப்ட்) வழியாகப் போவதால் பைமேல் அழுத்தம் இல்லை, அவ்வளவுதான். அழுத்தம் திரும்பினால் பை மறுபடி பெருக்கும், வெடிக்கவும் செய்யலாம். பெரும்பாலும் வலியே இல்லாமல் பெருக்கும். "நல்லாத்தானே இருக்கார்" என்பதை நம்பி விட்டுவிட முடியாது.

எண்டோலீக் என்றால் அந்தப் பைக்குள் ரத்தம் கசிவது. பாலாற்றில் தண்ணீர் ஓடாத மாதத்திலும் மணலைத் தோண்டினால் ஊறும் இல்லையா, டைப் 2 அந்த மாதிரி. பெரிய ஓட்டம் அடைபட்டாலும் முதுகுப்பக்கத்துச் சிறு தமனிகள் வழியாக ரத்தம் பைக்குள் திரும்பி வருகிறது. அதிகம் பார்ப்பது இந்த வகைதான், பல பேருக்குத் தானாகவே அடைபடும். டைப் 1, டைப் 3 அப்படியல்ல. குழாயின் முனையிலோ இணைப்பிலோ ரத்தம் நேராகப் பைக்குள் போகிறது என்று அர்த்தம்; தள்ளிப்போடக் கூடாது.

ரிப்போர்ட்டில் நீங்கள் தேட வேண்டியது பையின் அதிகபட்ச விட்டத்தை. ஸ்டென்ட் வைத்த முதல் மாத ஸ்கேனோடு ஒப்பிடுங்கள். அதே அளவு அல்லது சுருக்கம் என்றால் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். 5 மி.மீ.க்கு மேல் கூடியிருந்தால் ஸ்டென்ட் வைத்த டாக்டரைப் பாருங்கள். ஒன்று, அளக்கும் ஆள் மாறினால் இரண்டு மூன்று மி.மீ. மாறும். அதனால் மஞ்சப்பையில் ரிப்போர்ட்டை மட்டும் சுருட்டிக்கொண்டு போகாமல் பழைய ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க்குகளையும் எடுத்துப் போங்கள்.

இனி கிட்னி. சாய மருந்து ஏற்றாத சி.டி. ஸ்கேனில் பையின் அளவும் குழாய் நகர்ந்திருக்கிறதா என்பதும் தெரியும். வெறும் வயிற்றில் எடுக்கும் டாப்ளரில் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) கசிவு தெரியும். அப்பா மாதிரி ஆட்களுக்கு இந்த இரண்டையும் வைத்தே பல வருடங்களை ஓட்டலாம், டாக்டரிடம் கேளுங்கள். பை பெருத்தால் மட்டும் சாய மருந்து. அப்போது சற்றுத் தாமதித்து எடுக்கும் படங்களும் வேண்டும், மெதுவான கசிவு முதல் சுற்றுப் படங்களில் சிக்காது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், வலி மாத்திரை கூடாது. கத்திரி வெயிலில் பஸ் பிடித்து, காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து படுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். கிட்னிக்கு அந்த வறட்சியே பாதிக் கெடுதல். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.

பீடி பிடிக்கிறாரா? எழுதவில்லை. பிடித்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

விடாத காய்ச்சல், நடந்தால் புட்டத்திலோ கெண்டைக்காலிலோ புதிதாக வலி என்றால் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். ஒரு கால் திடீரென்று சில்லிட்டாலோ, வயிறோ முதுகோ திடீரென்று வலித்து மயக்கம் வந்தாலோ உடனே 108. போகிற இடத்தில் "ஸ்டென்ட் வைத்திருக்கிறார்" என்று மட்டும் சொன்னால் இதய ஸ்டென்ட் என்று நினைத்து ஈ.சி.ஜி. எடுக்கப் போவார்கள். வயிற்று மகாதமனியில் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.