கணையத்தில் நீர்க்கட்டி: ஊசியா, எண்டோஸ்கோப்பியா, ஆபரேஷனா?

கேள்வி: என் கணவருக்கு வயது 41. மூன்று மாதத்துக்கு முன் கடுமையான வயிற்றுவலி வந்து, கணைய அழற்சி என்று மருத்துவமனையில் சேர்த்தோம். குடிப்பழக்கம்தான் காரணம் என்றார்கள். இப்போது ஸ்கேனில் கணையத்துக்குப் பக்கத்தில் 11 செ.மீ. நீர்க்கட்டி இருப்பதாகத் தெரிகிறது. நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு அடைத்துக்கொள்கிறது, வாந்தி எடுக்கிறார், இளைத்துவிட்டார். வெளியிலிருந்து ஊசி போட்டு நீரை எடுத்துவிடலாம் என்கிறார் ஒரு மருத்துவர். ஆபரேஷன்தான் வழி என்கிறார் இன்னொருவர். புற்றுநோயாக இருக்கும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் புற்றுநோய் பயத்தைப் பார்ப்போம். மூன்று மாதத்துக்கு முன் எடுத்த முதல் ஸ்கேன் ரிப்போர்ட் உங்களிடம் இருக்கும். அதில் கட்டி இல்லாமல், அழற்சிக்குப் பிறகுதான் வந்திருக்கிறது என்றால், இது அநேகமாக சூடோசிஸ்ட் எனப்படும் நீர்த்தேக்கம்தான். அது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. முதல் ஸ்கேனிலேயே கட்டி இருந்திருந்தால் யோசிக்க வேண்டும். கணையத்தில் சளி போன்ற நீர் சுரக்கும் வேறு வகைக் கட்டிகளும் உண்டு. அவற்றில் சில நாளடைவில் புற்றுநோயாக மாறக்கூடியவை. அப்படிப்பட்டதை வெட்டி அகற்றத்தான் வேண்டும். நீரை வடித்துவிட்டு விட்டுவிட முடியாது. ஆகவே அந்தப் பழைய ஸ்கேனைத் தேடி எடுத்து, எந்த மருத்துவரிடம் போனாலும் கையோடு கொண்டுபோங்கள்.

அழற்சியில் கணையக் குழாய் எங்காவது சிதைந்தால் கணைய நீர் வெளியே கசியும். அது பெரும்பாலும் இரைப்பைக்குப் பின்னால் தேங்கும். உடம்பு அதைச் சுற்றித் தழும்புத் திசுவால் ஒரு சுவர் கட்டும். அந்தச் சுவர் கெட்டிப்பட நான்கு வாரமாவது ஆகும். அதற்கு முன் ஆபரேஷன் செய்து தையல் போட்டால் திசு கிழிந்துவிடும். உங்கள் கணவருக்கு மூன்று மாதம் ஆகிவிட்டதால் அந்தக் கவலை இல்லை.

6 செ.மீ.க்கு மேல் இருந்து, 6 வாரமும் தாண்டினால் ஆபரேஷன் என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. இன்று அப்படிச் செய்வதில்லை. தொந்தரவு தராத கட்டி பெரிதாக இருந்தாலும் பொறுத்துப் பார்க்கலாம்; பல தானாகவே சுருங்கிவிடும். உங்கள் கணவர் விஷயம் அப்படியல்ல. கட்டி இரைப்பையை அழுத்துவதால்தான் சாப்பாடு இறங்கவில்லை, உடம்பு இளைக்கிறது. இதற்கு மேல் காத்திருப்பது சரியில்லை.

கட்டியில் சீழ் பிடிக்கலாம், பித்தக்குழாயை அழுத்தி மஞ்சள்காமாலை வரலாம், உடைந்து வயிற்றுக்குள் பரவலாம். இவற்றையெல்லாம்விட எனக்குப் பயம் தருவது இரத்தக்கசிவு. கணைய நீரில் இருக்கும் என்சைம்கள் புரதத்தைச் செரிக்கக் கூடியவை. அவை பக்கத்தில் ஓடும் தமனியின் சுவரையும் அரித்துவிடும், குறிப்பாக மண்ணீரலுக்குப் போகும் தமனியை. அரித்த இடம் பலூன்போல உப்பி, கட்டியின் சுவரிலேயே உட்கார்ந்திருக்கும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. அது இருப்பது தெரியாமல் கட்டியைத் துளைத்து நீரை வடித்தால், உள்ளே அழுத்தம் குறைந்ததும் தமனி வெடித்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால் ஊசியோ, எண்டோஸ்கோப்பியோ, ஆபரேஷனோ, எதுவாக இருந்தாலும் அதற்கு முன் மருந்து செலுத்தி, தமனிகள் தெளிவாகத் தெரியும்படி எடுக்கும் சிடி ஸ்கேன் அவசியம். உங்களிடம் இருப்பது சாதாரண அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட் என்றால் அது போதாது. உப்பிய தமனி இருந்தால் தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கம்பிச்சுருள் வைத்து அதை அடைத்துவிடலாம். அப்புறம் கட்டியைக் கவனிக்கலாம். மண்ணீரல் சிரையில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்பதும் அதே ஸ்கேனில் தெரியும். உறைந்திருந்தால் இரைப்பைக்குள் இரத்தக்குழாய்கள் புடைத்திருக்கும். துளை போடும் இடத்தைத் தேர்ந்தெடுக்க அது தெரிந்திருக்க வேண்டும்.

இனி ஊசி விஷயம். வெறும் நீரை உறிஞ்சி எடுத்தால் கசியும் குழாய் அப்படியே இருக்கும், கட்டி பெரும்பாலும் திரும்ப நிரம்பிவிடும். வயிற்றின் வழியாக டிரெயின் குழாய் வைத்தால், கணைய நீர் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வெளியே வடிந்துகொண்டே இருக்கலாம். அந்த வழியாகவே கிருமியும் உள்ளே போகும். சீழ் பிடித்து, மயக்கமருந்து தாங்க முடியாத நிலையில் இருப்பவருக்கு அது உயிர் காக்கும் வழி. உங்கள் கணவர் அந்த நிலையில் இல்லை. அவருக்கு அதை முதல் வழியாக நான் சொல்ல மாட்டேன்.

கட்டி இரைப்பையோடு ஒட்டியிருந்தால் எண்டோஸ்கோப்பிதான் நல்ல வழி. வாய் வழியாகப் போகும் குழாயின் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட் கருவி இருக்கும். அதில் பார்த்தபடியே இரைப்பைக்கும் கட்டிக்கும் நடுவே ஒரு வழி திறந்து, அது மூடிக்கொள்ளாமல் இருக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்துவிடுவார்கள். நீர் இரைப்பைக்குள் வடிந்துவிடும். 2013-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 40 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப்பேருக்கு இப்படியும் மீதிப்பேருக்கு ஆபரேஷனும் செய்து பார்த்தார்கள். பலன் இரண்டிலும் ஒன்றுதான். எண்டோஸ்கோப்பி செய்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், செலவும் குறைவு.

அப்படியானால் ஆபரேஷன் என்று சொன்னவர் தவறாகச் சொன்னாரா? அப்படிச் சொல்லிவிட முடியாது. கட்டி இரைப்பையை விட்டுத் தள்ளி இருந்தால், உள்ளே செத்த திசு நிறையக் கிடந்தால், பித்தப்பையில் கல் இருந்து அதையும் எடுக்க வேண்டியிருந்தால், ஆபரேஷன் பொருத்தமாக இருக்கலாம். இரைப்பையோடு ஒட்டிய கட்டியை இரைப்பையோடும், கீழே இறங்கிய கட்டியைச் சிறுகுடலோடும் இணைத்து, நீர் உள்ளேயே வடிய வழி செய்வார்கள். இன்று இதை வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியிலேயே செய்ய முடிகிறது. கட்டிச்சுவரில் ஒரு துண்டெடுத்து பரிசோதனைக்கு அனுப்புவார்கள். உங்கள் சொந்தக்காரர்களின் சந்தேகத்துக்கும் அப்போது விடை கிடைக்கும். உள்ளே நீர் மட்டும்தானா, திசுவும் இருக்கிறதா, கணையக் குழாய் எப்படி இருக்கிறது என்பதை எம்ஆர்ஐ நன்றாகக் காட்டும். அதையும் எடுத்த பிறகு முடிவு செய்யச் சொல்லுங்கள்.

எண்டோஸ்கோப்பி, அறுவை சிகிச்சை, தமனியை அடைக்கும் வசதி மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். உங்களுக்குப் பக்கத்தில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இரைப்பை, குடல் அறுவை சிகிச்சைக்குத் தனித்துறையே இருக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். இதற்கிடையில் இரத்த வாந்தி, கறுப்பு மலம், திடீர் மயக்கம், தாங்க முடியாத வலி, குளிர்க்காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

குடியை அவர் அறவே விட வேண்டும், புகைப்பிடித்தால் அதையும். கட்டி சரியான பிறகு மீண்டும் குடித்தால் அழற்சி திரும்ப வரும், அதோடு அடுத்த கட்டியும் வரலாம். நிறுத்தும்போது கை நடுக்கம், தூக்கமின்மை வந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அதற்கு மருந்து இருக்கிறது.

கடைசியாக ஒன்று. உலோக ஸ்டென்ட் வைத்தால், மூன்று நான்கு வாரத்தில் ஸ்கேன் பார்த்து அதை எடுத்தாக வேண்டும். வலி போய்விட்டது, சாப்பாடு இறங்குகிறது என்று அப்படியே விட்டுவிட்டால், சுருங்கிய கட்டிக்குள் அது உரசி இரத்தக்கசிவு வரலாம். டிஸ்சார்ஜ் ஆகும்போதே எடுக்கும் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.