பையன்கள் ஏன் நிற்பதில்லை? ஹோட்டல்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: திருநெல்வேலியில் டிபன் ஹோட்டல் நடத்துகிறேன். சாப்பாடு, ரூம் போக மாதம் 14,000 ரூபாய் தருகிறேன். அப்படியும் சப்ளையர் பையன்கள் மூன்றே மாதத்தில் பைக்கை எடுத்துக்கொண்டு டெலிவரிக்குப் போய்விடுகிறார்கள். இன்னும் எவ்வளவுதான் கொடுப்பது?

சம்பளத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பையன் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறான் என்று நீங்கள் எழுதவே இல்லை. பிரேக் டியூட்டியாகத்தான் இருக்கும். காலை 6 மணிக்கு இறங்கினால் மூன்றரைக்கு விடுவீர்கள், திரும்ப 6 மணிக்கு வந்து கடை கழுவி முடிக்கும்போது பதினொன்று தாண்டிவிடும். நடுவில் கிடைக்கும் இரண்டரை மணி நேரம் உங்கள் கணக்கில் ஓய்வு, அவன் கணக்கில் அதுவும் டியூட்டிதான், ஏனென்றால் அந்த நேரத்துக்குள் ஒரு படம் பார்த்துவிட்டு வரக்கூட முடியாது. டெலிவரியில் பெட்ரோலும் வண்டிச் செலவும் போக உங்கள் சம்பளத்தைவிடக் குறைவாகக்கூட மிஞ்சலாம். ஆனால் ஆப்பை எப்போது அணைப்பது என்பது அவன் இஷ்டம், நாலு பேர் சாப்பிடும் இடத்தில் "டேய்" என்று கூப்பிட ஆளும் இல்லை.

ஒரு செட்டுக்கு காலை 6 முதல் 3, இன்னொரு செட்டுக்கு 2 முதல் 11 என்று நேர் டியூட்டியாக மாற்றிப் பாருங்கள். இரண்டு ஆள் கூடுதலாகப் பிடிக்கும், அது செலவுதான். ஆனால் புதுப் பையன் டேபிள் நம்பர் பழகுகிற வரைக்கும் பொங்கல் கேட்டவருக்குப் பூரி போவதும் செலவுதானே? வார லீவு யாருக்கு எந்தக் கிழமை என்று எழுதி கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். கெஞ்சி வாங்குவதை எந்தப் பையனும் லீவாக நினைப்பதில்லை.

கேள்வி: இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்க வேண்டாம், கையில் கொடுங்கள் என்று பையன்களே கேட்கிறார்களே?

14,000 சம்பளத்துக்கு அவன் பங்கு 0.75 சதவீதம், அதாவது 105 ரூபாய். உங்கள் பங்கு 3.25 சதவீதம், 455 ரூபாய். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடையில், 21,000 வரை வாங்குகிறவருக்கு இது கட்டாயம், அவன் வேண்டாம் என்பதால் விட முடியாது. வடைச் சட்டி கையில் சரிந்தால் வைத்தியமும், வேலைக்கு வர முடியாத நாளுக்குச் சம்பளத்தில் 90 சதவீதமும் கிடைக்கும் என்று சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். யாரும் சொல்லாததால்தான் அது அவனுக்கு வெறும் பிடித்தமாகத் தெரிகிறது.

கேள்வி: கோவையில் பேக்கரி. கவுண்டருக்குப் பெண்கள் வருகிறார்கள், ஆனால் தீபாவளி சீசன் முடிந்ததும் நின்றுவிடுகிறார்கள்.

கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலாவது இருக்கிறதா? கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது, நான் போகிற பல கடைகளில் அந்த ஸ்டூலில் கேக் பெட்டிதான் உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் தாழ்ப்பாள் விழுகிற கழிப்பறை. அப்புறம் கடைசி பஸ்: எட்டே முக்காலுக்கு பஸ் என்றால் எட்டரைக்கு விடுங்கள், "இந்த ஒரு பில்லை மட்டும் போட்டுவிட்டுப் போம்மா" என்று நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ப்ளஸ் ஒன் முடித்த 16 வயதுப் பையன் லீவில் வேலை கேட்கிறான். வைக்கலாமா?

14 வயதுக்குக் கீழே என்றால் பேச்சே இல்லை. 14 முதல் 18 என்றால் ஆபத்தில்லாத வேலை மட்டும், அதுவும் ஓய்வையும் சேர்த்து ஒரு நாளுக்கு ஆறு மணி நேரம்தான், இரவு 7 முதல் காலை 8 வரை கூடவே கூடாது. உங்களுக்கு ஆள் தேவைப்படுவதே அந்த நேரத்தில்தானே? பேசாமல் படிக்கச் சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: கிளீனர் பையன் ஒருவன் தோசைக்கல்லில் நிற்க ஆசைப்படுகிறான். மாஸ்டர் கல்லுப் பக்கமே விடமாட்டேன் என்கிறார்.

அந்தப் பையனை விட்டுவிடாதீர்கள். நான் கிளீனராகச் சேர்ந்த கடையில் சரக்கு மாஸ்டர் சாம்பாருக்குப் பொடி போடும்போது எனக்கு முதுகைத் திருப்பிக்கொள்வார், எட்டு மாதம் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டேன். தொழிலைக் கற்றுக்கொடுத்தால் தன் இடம் போய்விடும் என்று மாஸ்டருக்குப் பயம், அது நியாயமான பயமும்கூட. அதனால் முதலில் அவரைக் கூப்பிட்டு, பையன் தனியாகக் கல்லில் நிற்கிற மாதத்திலிருந்து உங்களுக்கு இவ்வளவு கூடுதல் என்று ஒரு தொகையைச் சொல்லிவிடுங்கள். பிறகு கூட்டம் இல்லாத நாலு மணிக்கு, ஸ்டாஃப் டிபனுக்கான தோசையைப் பையன் ஊற்றட்டும். முதல் பத்து கல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். நீங்களும் மாஸ்டரும் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.