கூண்டும் போனும்

கேள்வி: இங்கிலாந்துக் கிராமங்களில் யாரும் எட்டிக்கூடப் பார்க்காத சிவப்பு டெலிபோன் பூத்தை வரலாற்றுச் சின்னம் என்று சட்டம் போட்டுக் காக்கிறார்களாமே! கைக்குக் கை செல்போன் இருக்கும்போது இது வெட்டி வேலை இல்லையா?
– வாசகர் ஒருவர், குடியாத்தம்

பதில்: நீங்களாவது வெட்டி வேலை என்பதோடு விட்டீர்கள். அந்த ஊர்க்காரர்களின் தாத்தாக்கள் இன்னும் கடுமையாகத் திட்டினார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவையொட்டி 1935-இல் சர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்த 'கே6' பூத் கிராமத்துக்கு வந்தபோது, பச்சைப் புல்வெளிக்கு நடுவே இதென்ன கண்ணைக் குத்தும் சிவப்பு என்று ஒரே எதிர்ப்பு. இயற்கை அழகுக்குப் பேர்போன சில இடங்களில் சாம்பல் நிறம் பூசித்தான் தபால் துறை சமாளித்தது. இத்தனைக்கும் ஸ்காட் சிவப்பைக் கேட்கவே இல்லை. தமது முந்தைய 'கே2' பூத்துக்கு அவர் சொன்ன நிறம் வெள்ளி! லிவர்பூல் கதீட்ரலை வடிவமைத்தவர் பேச்சே எடுபடவில்லை.

திட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று காவல் நிற்கிறார்கள். 1984-இல் பிரிட்டிஷ் டெலிகாம் தனியார்மயமானதும் பழைய பூத்துகளைக் கூட்டங்கூட்டமாகப் பெயர்த்தெடுக்கத் தொடங்கியது. பிறகுதான் ஆயிரக்கணக்கான பூத்துகள் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் ஏறின. பட்டியலில் ஏறியதை அனுமதியில்லாமல் இடம் மாற்றினால் குற்றம். 2008 முதல் ஊராட்சிகள் ஒரு பவுண்டு கொடுத்து பூத்தைத் தத்தெடுக்கலாம். சில ஊர்களில் அது குட்டி நூலகம், சில ஊர்களில் திடீரென்று இதயத் துடிப்பு நின்றவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி மாட்டும் இடம். இதில் எதை வெட்டி வேலை என்பீர்கள்?

நீங்கள் குத்திக் கேட்டிருக்க வேண்டிய இடம் வேறு. அந்தச் சட்டம் காப்பது இரும்புக் கூண்டை. உள்ளே இருக்கும் போனை அல்ல. தத்துக் கொடுக்கும்போதே போனைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். கூண்டு பளபளவென்று நிற்கும், லைன் இருக்காது. போனைக் காப்பாற்ற 2022-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் தனியாக விதி செய்ய வேண்டியிருந்தது. நான்கு செல்போன் நிறுவனங்களில் ஏதாவது ஒன்றின் சிக்னல் கிடைக்காத இடமா, அடிக்கடி விபத்து நடக்கும் இடமா, ஓராண்டில் 52 அழைப்பாவது போயிருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலே அந்த போனை எடுக்கக் கூடாது. 52 என்றால் வாரத்துக்கு ஒன்று! லாபக் கணக்குப் பார்ப்பவர் எழுதிய விதியாகத் தெரியவில்லை. சிக்னல் இல்லாத மலைச் சாலையில் வண்டி கவிழ்ந்து கிடந்தவர் யாரோ எழுதியது போல இருக்கிறது.