கூடங்குளம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் பொறியியல் மாணவன். நிலக்கரியோடு ஒப்பிட்டால் அணுமின்சாரத்தால் சாவு குறைவு, கரிப்புகையும் இல்லை. ஜெர்மனி 2023 ஏப்ரலில் தன் கடைசி மூன்று உலைகளை மூடியது தவறு என்று நினைக்கிறேன். கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்துப் போராடிய, கதிரியக்கம் பற்றித் தெளிவில்லாத இடிந்தகரை மக்களோடு 2012இல் நீங்கள் நின்றீர்கள். இன்றும் அதே நிலைதானா?

கா.

அன்புள்ள கா.,

ஜெர்மனி எப்படியோ போகட்டும். நிலக்கரிக் கணக்கு சரிதான். எண்ணூர் கழிமுகத்தில் சாம்பல் படிந்து கிடப்பதைப் பார்த்த எவனும் நிலக்கரிக்கு வக்காலத்து வாங்க மாட்டான்.

ஆனால் "தெளிவில்லாத" என்று போகிற போக்கில் ஒரு சொல் போட்டீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில்.

2012இல் லூர்து மாதா கோவில் முன் போராட்டப் பந்தலில் ஒரு மதியம் உட்கார்ந்திருந்தேன். பீடி சுற்றிக்கொண்டே ஒரு பாட்டி கேட்டார், "உங்க ஊர்ல கரண்டு எவ்வளவு நேரம் இல்ல?" பத்து மணி நேரத்துக்கு மேல் என்றேன். "ஐயோ, பிள்ளைங்க எப்படிப் படிக்கும்? எங்களைத்தான திட்டுவாங்க?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. முந்தின வாரம்தான் பக்கத்து வீட்டுக்காரர் அவர்களை அப்படித் திட்டினார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

சரி, தெளிவு யாருக்கு இல்லை? 1988இல் டெல்லியில் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பசேவும் கூடங்குளம் உலைகளுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். முதல் இரண்டு உலைகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பு என்ற ஒன்றே நடக்கவில்லை. எரிந்து முடிந்த எரிபொருள் ரஷ்யாவுக்கே திரும்பும் என்றது முதல் ஒப்பந்தம். பிறகு அது இங்கேயே இருக்கட்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். அதிலுள்ள புளூட்டோனியம் பாதியாகக் குறையவே 24,000 ஆண்டு. வீட்டுக் கொல்லையில் ஒரு மூட்டையை இறக்கி வைப்பவன்கூட ஒரு வார்த்தை கேட்பான் ஐயா! இவர்களை யாரும் கேட்கவில்லை. இவர்களாக வந்து கேட்டபோது ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்கு. 2012 செப்டம்பரில் கடற்கரையில் கண்ணீர்ப்புகை. இதைப் பாதுகாப்பு, விபத்து நிகழ்தகவு என்று மட்டும் பேசுவது உங்களைப் போன்ற படித்த பிள்ளைகளின் வியாதி. உலை நூறு சதம் பாதுகாப்பாகவே இருக்கட்டும். கேட்காமல் வைத்தது வைத்ததுதானே?

உங்கள் கேள்வியை மறந்தே போனேன். ஓடுகிற இரண்டு உலைகளை இன்று மூடச் சொல்ல மாட்டேன். அந்த அளவுக்கு மாறியிருக்கிறேன். அதே வளாகத்தில் இன்னும் நான்கு எழும்புகின்றன. கோபப்படாதீர்கள், ஒருமுறை இடிந்தகரைக்குப் போய் வாருங்கள். பாட்டி இருந்தால், என் ஊரில் இப்போது கரண்டு போவதில்லை என்று சொல்லுங்கள்.